அப்பிச்சி ரயில்

எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் "அப்பிச்சி ரயிலு" என்று சொல்லிச் சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிவிட்டேன் என்று தம்பி வந்து நின்றபோதும் அப்பா அதைத்தான் சொன்னார். ரேங்க் கார்டைக் காட்டிய பிறகும் சிரிப்பு அடங்க நேரமானது. அந்தச் சொல் எங்கள் வீட்டைத் தாண்டி, சித்தப்பா வீடு, பக்கத்துத் தோட்டம் என்று பரவி, கொடுமுடியில் எங்கள் வீதியில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். என் அப்பிச்சிக்கு வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். மேட்டாங்காடு. கம்பும் சோளமும் கொள்ளும்தான் வெள்ளாமை. கிணற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் புகையிலை. எங்கள் கொடுமுடியோ காவிரிக் கரை. காளிங்கராயன் வாய்க்கால் எழுநூறு வருடமாகப் பாயும் மண். மஞ்சள், வாழை, வெற்றிலை. ஆற்றுச் சீமைக்குப் பெண் கொடுத்துவிட்டோம் என்பதில் அப்பிச்சிக்குக் கடைசி வரை ஒரு பெருமிதமும் கூடவே ஒரு கூச்சமும் இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு நாளைக்கு மேல் தங்கமாட்டார். அந்த இரண்டு நாளிலும் முக்கால்வாசி நேரம் ரயில்வே ஸ்டேஷன் திண்ணையில்தான் இருப்பார்.

கொடுமுடிக்கு 1860களிலேயே ரயில் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய தண்டவாளம் திருச்சி, கரூர் என்று காவிரியை ஒட்டியே வந்து ஈரோட்டில் சேர்ந்தது. அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் ஓர் அதிசயமே இல்லை. கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோது பாடிக்கொண்டே போன ரயில் இது என்று சொல்லிக்கொள்வதில்தான் எங்களுக்குப் பெருமை. அப்படிப்பட்ட ஊரில் வந்து உட்கார்ந்துகொண்டு, மானாவாரிக் காட்டிலிருந்து வந்த ஒரு கிழவர், "இதென்ன ரயிலு, நானு பார்த்த ரயிலு வேற" என்று ஆரம்பித்தால் யார் நம்புவார்கள்?

அவர் சொல்கிற கதை இதுதான். மானம் பொய்த்த ஒரு வருடம். அவருக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ. வீட்டில் இருந்த இரண்டு மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு, ஊர்க்காரர்கள் நாலைந்து பேரோடு ஆனைமலைப் பக்கம் மரம் இழுக்கப் போனார். அங்கே கூலி கட்டவில்லை. வண்டியையும் மாட்டையும் கூட வந்தவர்களிடம் விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு மலையேறி, "மலையாளத்தான் காட்டுக்குள்ள" போனார். அங்கே ரயில் ஓடியது. கரி இன்ஜின். ஆனால் ஜனம் ஏற்றுகிற ரயில் இல்லை. மரம் ஏற்றுகிற ரயில். யானைதான் மரத்தைத் தூக்கி வண்டியில் வைக்கும். கொஞ்ச தூரம் இன்ஜின் இழுக்கும். அப்புறம் பெரிய இறக்கம் வந்துவிடும். அங்கே இன்ஜின் நின்றுகொள்ளும்.

"அப்புறம்?" என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். அதற்காகவே நிறுத்துவார்.

"அப்புறமென்ன. வண்டி தானா எறங்கும். அது எறங்க எறங்க, கீழ இருக்கற வண்டி தானா மேல ஏறும். இன்ஜினும் இல்ல, மாடும் இல்ல, ஆளும் இல்ல."

இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒருமுறை ஸ்டேஷனில் போர்ட்டர் ஒருவர், "ஏனுங் பெரீவரே, அந்த ரயிலு மரத்து மேலயும் ஏறுமுங்களா?" என்று கேட்டார். அப்பிச்சி கோபப்பட மாட்டார். "நம்பாட்டிப் போ. போயிப் பாரு. ஓடிக்கிட்டேதான் இருக்குது" என்பார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் அதைக் "காட்டு ரயிலு" என்றுதான் சொல்வார். எங்கள் பேச்சில் காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம். "காட்டுக்குப் போறேன்" என்றால் சோளத்துக்குக் களை எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். கம்பங்காட்டுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி ஒரு சித்திரம் சின்ன வயதில் என் மனதில் விழுந்துவிட்டது. ரொம்ப நாள் அது மாறவே இல்லை.

அவர் 1989இல் செத்துப்போனார். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். மகளைக் கட்டிக் கொடுத்தேன். ரிட்டயர்டும் ஆனேன். அப்பிச்சி ரயில் எங்கள் வீட்டில் சொல்லாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ரிட்டயர்டு ஆன புதிதில், பொழுது போகாமல் செல்போனில் பழைய ரயில்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் மதராஸ் டிராம். 1895 மே 7இல் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். 1953 ஏப்ரலில் நின்றது. பழைய மதராஸ்காரர்கள் இன்றும் அதைப் பற்றி ஆசையாகப் பேசுவார்கள். அதிலிருந்து கல்கத்தா. அங்கே மின்சாரம் வருவதற்கு முன்பு குதிரைகள் இழுத்தன. 1882இல் நீராவி இன்ஜினை வைத்தும் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியே நீராவி டிராம், நீராவி டிராம் என்று தேடிக்கொண்டு போனபோது, பாதி ராத்திரியில், கொச்சி சமஸ்தான வன டிராம்வே என்று ஒன்று வந்து நின்றது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தேக்கும் ஈட்டியும் ஏற்றி வந்தது. 1907 முதல் 1963 வரை ஓடியது.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த பத்தியில் இருந்தது அந்த இறக்கம்.

மலைச்சரிவு செங்குத்தாக இருக்கும் இடங்களில் இன்ஜினால் ஏறவும் முடியாது, பாரத்தோடு இறங்கவும் முடியாது. நீலகிரியில் இதே சிக்கலுக்குப் பல் வைத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் போனது அந்தப் பல் சட்டத்தின் தயவால்தான். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பாதை அது. கொச்சிக்காரர்கள் பல் வைக்கவில்லை. சரிவில் பாதை போட்டு, மேலே ஓர் உருளையை நட்டு, கம்பி வடம் கட்டினார்கள். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் கீழே காலி வண்டி. பாரவண்டியை மெல்ல விட்டால் அது தன் எடையிலேயே இறங்கும். அந்த எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். பிரேக் பிடிப்பது ஒன்றுதான் ஆள் செய்கிற வேலை. சமமான இடங்களில் மட்டும் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனி செய்து அனுப்பிய நீராவி இன்ஜின்கள் இழுக்கும்.

இன்ஜினும் இல்ல, மாடும் இல்ல. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆள் இல்லை என்றதுதான் கொஞ்சம் கூடுதல்.

அவர் எங்களுக்கு விளக்காமலும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "கவலை ஓட்டறமில்ல, அதே மாதிரிதான்டா" என்பார். இன்றைக்குக் கவலை ஏற்றம் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு, அதற்கு வாரி என்று பேர். இரண்டு மாடுகள் அந்த வாரியில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் கிணற்றிலிருந்து மேலே வரும். மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் சேர்ந்து இழுக்கும். மாட்டுக்கு அந்த அளவு பாரம் குறையும். இறங்குகிற எடை ஏறுகிற எடையைத் தூக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயமே இல்லை. தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து செய்தது அதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது மோட்டார் வந்துவிட்டது. அவர் உவமை சொன்னது எங்களுக்கு இன்னொரு புரியாத கதையாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 1911இல் சி. அச்சுத மேனன் தொகுத்த கொச்சி சமஸ்தான மேனுவலின் ஸ்கேன் பிரதியை இறக்கிக்கொண்டேன். என் இங்கிலீஷுக்கு அகராதி பக்கத்தில் வேண்டியிருந்தது. மெல்ல ஒரு காரணம் புரிந்தது. அந்த மலையில் மரம் கொட்டிக் கிடந்தது. கீழே கொண்டுவர வழியில்லை. மற்ற இடங்களில் மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விடலாம். இந்த ஆற்றில் அது நடக்காது. ஏன் நடக்காது என்பதற்கு எந்த மேனுவலும் வேண்டாம், 'புன்னகை மன்னன்' பார்த்தாலே போதும். கமலும் ரேகாவும் குதிக்கிற அந்த அருவி அதிரப்பள்ளி. அது இந்தச் சாலக்குடி ஆற்றில்தான் இருக்கிறது. நூறு வருடத் தேக்கை அதில் உருட்டிவிட்டால் கீழே விறகுதான் கிடைக்கும்.

மலைக்குக் கிழக்கே, நம் பக்கத்தில், வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்துத் தேக்கைச் சரிவில் சறுக்கவிட்டே இறக்கிவிட்டான். டாப்சிலிப் என்ற பேரே அதில்தான் வந்தது. கொச்சி ராஜாவுக்குச் சரக்கு மேற்கே போயாக வேண்டும். அவர்கள் பக்கம் சொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902இல் ரயில் வந்திருந்தது. அதற்குப் பணம் போதாமல் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை ராஜா விற்றார் என்று சொல்வார்கள். அந்த ரயில் பாதையில் இருக்கும் சாலக்குடி வரை மரம் வந்துவிட்டால் போதும், அப்புறம் கப்பல்தான். சமஸ்தானத்தின் வன அதிகாரியாக இருந்த வி. ஆழ்வார் செட்டி இதற்குப் பின்னால் இருந்தார் என்று படித்தபோது, யாரென்றே தெரியாத அவர்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. அவர் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் எங்கள் அப்பிச்சிக்கு அந்த வருடம் கஞ்சி இல்லை.

படித்ததெல்லாம் சரி. போய்ப் பார்க்க வேண்டும். "போயிப் பாரு" என்று அவரே சொன்னதுதானே.

பரம்பிக்குளம் கேரளாவில் இருந்தாலும் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வழியாகத்தான் போக முடியும். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப், அப்புறம் ஆனப்பாடி செக்போஸ்ட். தங்கை மகன் பைக்கில் போகலாம் என்றான். புலிகள் காப்பகத்துக்குள் பைக்கை விடமாட்டார்கள் என்று சொல்லி, பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தோம். டாப்சிலிப்பில் இறங்கி நின்ற பத்து நிமிடத்தில் ஹியூகோ வுட் என்ற அதிகாரியைப் பற்றி யாரோ சொன்னார்கள். மொட்டையடித்த காட்டில், கைத்தடியால் குழி குத்திப் பையிலிருந்த தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடந்தவராம். 1933இல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். தடி என்றதும் எனக்கு வேறொரு தடி ஞாபகம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தூணக்கடவில் கன்னிமரா தேக்கைக் காட்டினார்கள். நானூறு வருடங்களுக்கு மேல் வயது என்கிறார்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் வேண்டும். அதன் தோள்பட்டை உயரத்து மரங்களெல்லாம் டிராமில் ஏறிப் போய்விட்டன. இது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டேன். வெட்டியபோது ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து சாமி என்றார்கள். ஒரு காட்டில் ஒரு மரம் மிஞ்சுவதற்கு அது சாமியாக வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் குரியார்குட்டி. அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரோடு நடக்க வேண்டும். எங்களுக்கு வந்தவர் காடர் சமூகத்துக்காரர். அறுபது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. 1933இல் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி தங்கிய இடம் குரியார்குட்டி. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பறவை பார்க்கிறவர்கள்தான். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் வந்த என்னை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன பாக்கணும் சாரே?"

"டிராம் பாதைங்க."

"நீங்க அதுலதான் நடக்கறீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெறும் மண் பாதை. இலைச் சருகு. பிறகுதான் உறைத்தது. அரைமணி நேரமாக நடக்கிறோம், மூச்சு வாங்கவே இல்லை. இடது பக்கம் சரிவு மேலே ஏறுகிறது, வலது பக்கம் பள்ளம் இறங்குகிறது. எங்கள் காலுக்குக் கீழே மட்டும் பாதை தராசுத் தட்டுப் போல மட்டமாகப் போகிறது. எந்தக் காட்டுப் பாதையும் அப்படிப் போகாது. மனிதன் நடந்து உண்டாக்கிய பாதை மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். மிருகம் போட்ட தடமும் அப்படித்தான். வளைந்து வளைந்து மலையின் இடுப்பை ஒட்டிப் போகிற பாதை இன்ஜினுக்காகவே போட்டதாகத்தான் இருக்க முடியும். தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை, ஜல்லியைக்கூடக் காணோம். அந்த மட்டம் மட்டும் அறுபது வருடங்களாக அப்படியே இருக்கிறது. கல்வெட்டில் தேடுகிறவர்கள், செப்பேட்டில் தேடுகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஆவணம் என் முழங்கால்தான். அது வலிக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஆறு. தண்ணீருக்குள் கல்லால் கட்டிய தூண்கள் நின்றன. பாலம் போய்விட்டது, தூண் மட்டும் இருக்கிறது. ஒன்றின் தலையில் அத்திக்கன்று முளைத்திருந்தது. தங்கை மகன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். வழிகாட்டி பீடி பற்ற வைக்கலாமா என்று யோசித்து, காட்டுக்குள் கூடாது என்று தானே பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க அம்மா இதுல போயிருக்கு. மரத்து மேல உக்காந்து. சாலக்குடி போயி உப்பும் துணியும் வாங்கிட்டு வரும். வண்டி நின்னதுக்கப்புறம் நாங்க அந்தப் பக்கம் போறது கொறஞ்சுபோச்சு. இப்ப எல்லாத்துக்கும் பொள்ளாச்சிதான்."

நான் அப்பிச்சி கதையைச் சொன்னேன். தானாக இறங்குகிற வண்டி, தானாக ஏறுகிற வண்டி. அவர் சிரிக்கவில்லை. "ஆமா, அப்படித்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருடமாக ஓர் ஆள்கூட அந்த "ஆமா"வைச் சொல்லாமல் போய்விட்டோமே என்று இருந்தது. ஆற்றில் முகம் கழுவுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

முகம் கழுவியபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எழுபதுகளில் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் வெள்ளக்கோவில் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள். லீவுக்குப் போயிருந்த நான் பார்த்திருக்கிறேன். அப்பிச்சி வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, "இது நம்ம ரயிலு ஓடற காட்டுத் தண்ணிடா" என்றார். பக்கத்தில் நின்றவர்கள், "பாத்துங் மாமா, தண்ணிக்குள்ள ரயிலு வந்தறப் போவுது" என்றார்கள்.

அதுவும் உண்மைதான். 1961இல் நேரு வந்து தொடங்கிவைத்த திட்டம் அது. இரு மாநில ஒப்பந்தம் 1970இல்தான் கையெழுத்தானது. ஆனால் 1958லிருந்தே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். மேற்கே ஓடுகிற ஆறுகளை மலைக்கு மேலேயே அணை கட்டி நிறுத்தி, பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி, அப்புறம் மலையடிவாரத்தையே சுற்றி வரும் கால்வாயில் திருமூர்த்தி அணை. அதற்குப் பிறகு உடுமலை, பல்லடம், காங்கேயம், கடைசியில் வெள்ளக்கோவில். பரம்பிக்குளத்தில் அணை எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் டிராம் மூடப்பட்டது. லாரியும் ரோடும் வந்துவிட்டன. வெட்டுவதற்குப் பெரிய மரமும் குறைந்துவிட்டது. ஓட்டுகிற செலவு வருகிற வரவுக்குக் கட்டவில்லை. கணக்கெழுதியவன் என்ற முறையில் அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்தக் காட்டிலிருந்து மரம் மேற்கே போன காலம் முடியவும், தண்ணீர் கிழக்கே வர ஆரம்பிக்கவும் சரியாக இருந்திருக்கிறது. மரத்துக்குப் பின்னால் போய்க் கூலி வாங்கி வந்தவருடைய வறண்ட காட்டுக்கே, பின்னால் அந்த மலையின் தண்ணீர் தேடி வந்தது. மண்டலம் மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் விடுகிறார்கள். கடைமடை என்பதால் எங்கள் மாமன் மகன் இப்போதும் முறைக்கு முந்தின ராத்திரி மடையிலேயே படுத்துக்கிடக்கிறான். அவனுக்கு டிராம் கதையெல்லாம் வேண்டாம். "தண்ணி எந்நேரம் வருமுனு மட்டும் கேட்டுச் சொல்லுங் மாமா" என்றான்.

சாலக்குடிக்குத் தனியாகப் போனேன். கொடுமுடியிலிருந்து ஈரோடு, ஈரோட்டிலிருந்து எர்ணாகுளம் வண்டி. ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் டிராம் என்றேன். "டிராம்வே ரோடோ?" என்று கேட்டார். அவருக்கு அது ஒரு ரோட்டின் பேர், அவ்வளவுதான். காந்திபுரம் என்று நாம் சொல்லும்போது காந்தியை நினைப்பதில்லை அல்லவா, அது மாதிரி. கடைகள், நகைக்கடை விளம்பரம், ஒரு சர்ச். மரம் கொண்டுவந்து குவித்த இடம் எது, பட்டறை எது என்று கேட்டு அலைந்ததில் நான் பார்த்தது, ஒரு காம்பவுண்டு மூலையில் கம்பமாக நட்டுவைத்திருந்த தண்டவாளத் துண்டு. அது டிராமுடையதா, பெரிய ரயிலுடையதா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. டீக்கடையில் ஒரு பெரியவர், "தேக்கு போயி, வண்டி போயி, ரோடு உண்டு" என்றார். அதற்கு மேல் சாலக்குடியில் எனக்கு வேலை இல்லை. சாயந்திர வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

இனி அந்தத் தடி.

அப்பிச்சி கொடுமுடி ஸ்டேஷனில் உட்கார்ந்து கதை சொல்லும்போது, மாட்டுத்தடியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துக் காட்டுவார். எட்டாது. நம் ஊர்ப் பாதை அகலப் பாதை, ஐந்தரை அடி. "பாத்தியா, இது எத்தன அகலம். அது இந்தத் தடியில இந்த வெட்டு வரைக்குந்தான்" என்பார். தடியில் ஓர் இடத்தில் கத்தியால் வெட்டிய தழும்பு இருக்கும். காட்டிலேயே அளந்து வெட்டியதாகச் சொல்வார். ஸ்டேஷன்காரர்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

டிராம் பாதை மீட்டர் கேஜ் என்று படித்த அன்றைக்கே எனக்கு அந்தத் தடி வேண்டியிருந்தது. மாமா வீட்டில் கேட்டால், அது எப்பவோ அடுப்புக்குப் போயிருக்கும் என்றார்கள். அம்மாதான், "இல்ல, கருமாதிக்கு அப்புறம் நாந்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள். எங்கள் வீட்டு அட்டாலியில், அண்டா குண்டாக்களுக்குப் பின்னால், முப்பது வருட ஒட்டடையோடு கிடந்தது. துடைத்து, தையல்காரர் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு மீட்டர் என்பது 39 இஞ்சும் கொஞ்சமும். அடியிலிருந்து வெட்டு வரைக்கும் 38 இஞ்சுதான் வந்தது. மறுபடி அளந்தேன். 38தான்.

சாலக்குடியிலிருந்து வந்த ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது வயது. காது ஒரு பக்கம் சரியாகக் கேட்காது. போட்டோக்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினேன். ஆற்றுக்குள் நின்ற தூணை வெகுநேரம் பார்த்தாள். தடி ஒரு இஞ்சுக்கு மேல் குறைகிறது என்பதையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"அடி தேஞ்சிருக்கும்டா" என்றாள். "எத்தன வருசம் ஊணி நடந்தாரு."

அப்புறம் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்ததும் திரும்பினாள்.

"அந்த ரயில எப்ப நிறுத்துனாங்கனு சொன்ன?"

"அறுவத்தி மூணும்மா."

"எனக்குக் கல்யாணம் ஆனதே அறுவத்தி நாலுல. அப்ப, அவரு இங்க வந்து உக்காந்து சொன்னப்பவெல்லாம் அது நின்னு போயிருந்துச்சா?"

நான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை.

"ஓடிக்கிட்டிருக்குது, போயிப் பாருன்னு எல்லாருகிட்டயுஞ் சொன்னாரே" என்றாள். "நல்லவேளை, யாரும் போகல."

தடியைத் திரும்ப அட்டாலியில் வைக்கப் போனேன். வேண்டாம், கதவு மூலையிலேயே இருக்கட்டும் என்றாள்.